பார் தேர்வும் வக்கீலின் திறமையும்: கோர்ட் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தர்மபுரியில் வக்கீல் தொழில் செய்கிறேன். பதிவு செய்தது 2012-ல். அரூர், பென்னாகரம் கோர்ட்டுகளுக்கும், வழக்கு இருந்தால் கிருஷ்ணகிரி, ஓசூருக்கும் போய்வருவேன். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "சார், பார் எக்ஸாம் ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்கிறார்கள். கோர்ட் வளாகத்து மரத்தடியில் வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள், "நாங்க வச்சிருக்கிற வக்கீலு நல்ல வக்கீலான்னு எப்படிங்க தெரிஞ்சிக்கிறது?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இரு தரப்புக்கும் நான் சொல்லிவரும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பார் தேர்வு என்பது என்ன? எல்லா வக்கீலும் எழுதியாக வேண்டுமா?

அகில இந்திய பார் தேர்வு என்று முழுப்பெயர். இந்திய பார் கவுன்சில் நடத்துகிறது. முதல் தேர்வு 2011 மார்ச் 6 அன்று நடந்தது. 2009-10 கல்வியாண்டு தொடங்கி சட்டப் படிப்பு முடித்தவர்கள் எல்லோரும் எழுத வேண்டும். அதற்கு முன்பு முடித்தவர்கள் எழுத வேண்டியதில்லை. ஆகவே தலை நரைத்த வக்கீலிடம் போய், "நீங்க பார் எக்ஸாம் பாஸா சார்?" என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர் காலத்தில் அந்தத் தேர்வே கிடையாது.

வரிசை இப்படி: பட்டம், மாநில பார் கவுன்சிலில் பதிவு, பிறகு தேர்வு, அதில் தேறினால் தொழில் செய்வதற்கான சான்றிதழ்.

அவ்வளவு கஷ்டமான தேர்வா?

100 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைக் குறிக்க வேண்டும். நேரம் மூன்றரை மணி. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் 45, பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் 40 எடுத்தால் தேர்ச்சி. குறிப்புகள் அச்சிடாத வெறும் சட்டப் புத்தகத்தை, அதாவது பேர் ஆக்டை, உள்ளே எடுத்துப் போகலாம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் ஆறு விநாடி.

நான் எழுதிய காலத்தில் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம். சென்னையில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பயணப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். நேரத்தில் பெரும்பகுதி அவருக்குப் பெட்டிக்குள் தேடுவதிலேயே போயிற்று. புத்தகம் பக்கத்தில் இருந்தாலும், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிந்தவனுக்குத்தான் அது உதவும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

ஆகவே என் பதில்: ஐந்து வருடமோ மூன்று வருடமோ படித்தபோது பேர் ஆக்டைத் திறந்து பிரிவு பிரிவாக வாசித்த பிள்ளைக்கு இது கடினமான தேர்வு அல்ல. பரீட்சைக்கு முதல் வாரம் கைடு வாங்கி, பத்து கேள்வியை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவருக்கு இது கடினம்தான். தோற்கிற பிள்ளைகளைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கைடு மட்டும் போதும் என்ற நிலையில் அவர்களை விட்டுவைத்தது கல்லூரிப் பாடமுறை.

எதற்கு எத்தனை கேள்வி என்று பாருங்கள். அரசியல் சாசனம் 10, உரிமையியல் நடைமுறை 10, குற்றவியல் நடைமுறை 10. தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம் தலா 8. ஒப்பந்தம், சொத்து மாற்றம், செக் சட்டம் எல்லாம் சேர்த்து 8. இந்த ஏழு தலைப்பிலேயே 62 வந்துவிடுகிறது. தொழில் நெறிக்கு 4 கேள்வி. அது சின்னச் சட்டம், ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும். அதைப் படிக்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மதிப்பெண்ணை விடுங்கள், தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே அது தேவைப்படும்.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால் ஒரு கூடுதல் தொல்லை. கொலை என்றால் 302 என்று வாயில் வந்துவிடும், இப்போது 103. மோசடிக்கு 420 போய் 318. இதைவிட ஏமாற்றுவது 482. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பது. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்துக்கான பிரிவு 528 ஆகிவிட்டது. பழைய வழக்குகள் பழைய எண்ணிலேயே நடப்பதால், இன்னும் பல வருடங்களுக்கு இரண்டையும் தலையில் வைத்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். விசாரணை நீதிமன்றத்தில் பிராது, சாட்சியம், தீர்ப்பு எல்லாம் தமிழில் நடக்கும்போது தேர்வைத் தமிழில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொழிபெயர்ப்புச் சொற்கள்தான் தடுக்கிவிடும். நாம் தினமும் 'ரெஸ் ஜுடிகாட்டா' என்று பேசியிருப்போம், கேள்வித்தாளில் 'முன்தீர்ப்புத் தடை' என்று இருக்கும். இரண்டு சொல்லையும் எதிரெதிராக எழுதி ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருக்கும், அந்த நோட்டு அப்போதும் கைகொடுக்கும்.

தேர்வு எழுதும் முன்பே கோர்ட்டுக்குப் போகலாமா? எவ்வளவு செலவாகும்?

பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். அதுவரை தொழில் செய்யலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கடைசி செமஸ்டர் மாணவர்களையும் எழுத விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது.

பதிவுக் கட்டணம் பற்றி வீட்டில் நகையை அடகு வைக்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு மாநிலத்திலும் பல ஆயிரங்கள் வாங்கினார்கள். 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். தேர்வுக் கட்டணம் இதில் சேராது, அது தனி, அதுதான் கனமானது.

முன்பு இந்தத் தேர்வே இல்லையே. அந்தக் கால வக்கீல்கள் நன்றாகத்தானே வாதாடினார்கள்?

நன்றாகத்தான் வாதாடினார்கள். நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். அகில இந்தியத் தேர்வு எதையும் எழுதவில்லை. பேர்பெற்ற கிரிமினல் வக்கீல் ஆனார்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். 1961-ல் வழக்கறிஞர் சட்டம் வந்தபோது பட்டம் முடித்தவர் பயிற்சி பெற்று, அதன் பிறகு ஒரு தேர்வும் எழுதித்தான் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தது. 1973-ல் செய்த திருத்தம் அதை எடுத்துவிட்டது, 1974 ஜனவரி கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பட்டம் இருந்தால் மறுநாளே கவுன் போடலாம். 1995-ல் பார் கவுன்சில் ஒரு வருடப் பயிற்சியைக் கட்டாயமாக்கி விதி போட்டது. அப்படி விதி போட உனக்கு அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2010-ல் பார் கவுன்சில் தேர்வைக் கொண்டுவந்தது. அதையும் எதிர்த்து வழக்குகள் நடந்து, 2023 பிப்ரவரி 10-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்வு செல்லும் என்றது. 1999 தீர்ப்பு சரியான சட்டம் இல்லை என்றும் சொன்னது.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துவது இதுதான். முதலில் பயிற்சியும் தேர்வும் சேர்ந்து இருந்தன. இரண்டும் போயின. திரும்பி வந்தபோது தேர்வு மட்டும் வந்தது. 1999 தீர்ப்பு குறுக்கே நின்ற வரை பயிற்சியைக் கொண்டுவர முடியவில்லை என்று சொல்லலாம். இப்போது அந்தத் தடையும் விலகிவிட்டது.

வெளிநாட்டில் தேர்வு மிகக் கடினமாமே? இங்கேயும் அப்படி வைத்தால் தரம் உயராதா?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இரண்டு நாள் தேர்வு. அதில் ஒரு நாள் முழுக்க 200 கேள்விகள், ஆறு மணி நேரம். ஆனால் தேர்ச்சி மதிப்பெண் எல்லைக்கு எல்லை மாறுகிறது. ஒரே பொதுத் தேர்வை எழுதும் மாநிலங்களில் சிலவற்றுக்கு 260 போதும், சிலவற்றுக்கு 266, சிலவற்றுக்கு 270 வேண்டும். 262 எடுத்தவர் ஒரு மாநிலத்தில் வக்கீல், பக்கத்து மாநிலத்தில் தோற்றவர். நம் கணக்கில் சொன்னால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஒருவருடைய திறமை மாறிவிடுவது போல. தனி மதிப்பெண் கணக்கு வைத்திருக்கும் கலிபோர்னியா 2020-ல் தன் தேர்ச்சி அளவை 1440-லிருந்து 1390-க்கு இறக்கியது. விஸ்கான்சினில் அந்த மாநிலத்தின் இரண்டு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பார் தேர்வே இல்லாமல் உரிமம் தருகிறார்கள்.

ஜப்பானில் பழைய முறையில் நூறு பேர் எழுதினால் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். தேறியவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் வக்கீலே இல்லாத ஊர்கள் ஏராளமாக இருந்தன. பிறகு 2004-ல் சட்டப் பள்ளிகளைத் திறந்து, 2006-ல் புதிய தேர்வைக் கொண்டுவந்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பென்னாகரம் மலைக் கிராமத்திலிருந்து வருகிறவருக்கு, சென்னையில் பத்து மேதை வக்கீல்கள் இருப்பதால் ஆகப்போவது என்ன? அவருக்குப் பக்கத்து ஊரில் ஒழுங்கான ஒரு வக்கீல் வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி முறை. அங்கே இரண்டு அரசுத் தேர்வு. நடுவில் சுமார் இரண்டு வருடம் நீதிமன்றத்திலும், அரசு வழக்குத் தரப்பிலும், அரசு அலுவலகத்திலும், வக்கீல் அலுவலகத்திலும் மாறி மாறி வேலை பழக வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாவது தேர்வு.

பார் தேர்வில் தேறியவருக்கு இன்னும் என்ன தெரியாமல் இருக்கும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்தை எடுத்துக்கொள்வோம். 34 வயது, சொந்தமாகச் சின்ன வண்டி ஓட்டுகிறவர், மாதம் 15,000 ரூபாய் வருமானம், இறந்துவிடுகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். தேர்வில் "மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீடு கேட்கும் பிரிவு எது?" என்று கேட்டால் 166 என்று குறித்துவிடுவோம். கோர்ட்டில் கணக்கு வேறு. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறைப்படி, 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்தவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 15,000 அப்போது 21,000 ஆகும். சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. பன்னிரண்டு மாதத்துக்கு 1,89,000. வயது 34 என்றால் இதைப் பெருக்க வேண்டிய எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். அந்த 40 சதவீதத்தைக் கேட்க மறந்த வக்கீல் போட்ட கணக்கில் 21,60,000 வரும். வித்தியாசம் 8,64,000 ரூபாய். அந்த வீட்டுப் பெண் பிள்ளைகளின் படிப்பு முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. அம்மாவும் மகனை நம்பித்தான் வாழ்ந்தார் என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவராமல் விட்டால் கால் பங்கு மூன்றில் ஒரு பங்காகி, தொகை இன்னும் இறங்கும்.

அடுத்தது நாள் கணக்கு. ஜெயிலில் இருப்பவர் மேல் 60 நாளுக்குள், பெரிய குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவர் உரிமை. ஆனால் மனு போட்டுக் கேட்க வேண்டும். 61-ஆம் நாள் காலை மனு போடாமல் மதியம் வரை அசந்தால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போயிற்று. செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். ஒரு தரப்பு வராமலே சொன்ன ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாள். இந்த எண்கள் எல்லாம் தேர்விலும் வரும். அங்கே தப்பாகக் குறித்தால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நிலம். நம் மாவட்டங்களில் சிவில் வழக்கென்றால் பாதை, வரப்பு, கிணற்றில் பங்கு, பாகப்பிரிவினை. கிணற்றில் கால் பங்கு என்று பத்திரத்தில் இருக்கும், யார் எந்தக் கிழமை மோட்டார் போடுவது என்பது ஊருக்குத் தெரியும், பத்திரத்தில் இருக்காது. பழைய சர்வே எண் வேறு, யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்துக்குப் பிறகு வந்த எண் வேறு. பட்டாவில் தவறிப்போய் சித்தப்பா பெயர் ஏறியிருக்கும். நான்கெல்லையைத் தப்பாக எழுதிய பிராதில் ஜெயித்தாலும், நிறைவேற்ற மனு போடும்போது கோர்ட் ஊழியரான அமீனா போய் நிற்கும் இடம் வேறொருவர் நிலமாக இருக்கும்.

ஜூனியராக இருந்த காலத்தில் என்னிடம் ஒரு அம்மா வந்தார். மாந்தோப்பில் பாதி அவர் பங்கு. வேறொரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்துவிட்டு, "கூப்பிடுறேன், அப்ப வாங்க" என்று சொன்னதை நம்பி ஒன்றரை வருடம் வீட்டில் இருந்திருக்கிறார். பதிலுரை போடவில்லை, ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. தெரிய வந்தது, எதிர்த்தரப்பு அளவைக் கல்லைக் கொண்டுவந்த அன்று. தாமதத்தை மன்னிக்க மனு போட்டு, அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை முதலிலிருந்து நடத்த எங்களுக்கு நான்கு வருடம் ஆயிற்று. அந்த வக்கீல் சட்டம் தெரியாதவர் இல்லை. டைரி எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். எந்தத் தேர்வு இதைக் கண்டுபிடிக்கும்?

அப்படியானால் தேர்வே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். நூற்றுக்கு 45 எடுக்க முடியாதவரிடம் ஒருவருடைய ஜாமீனை நம்பிக் கொடுக்க முடியாது. சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தெரிகிறதா என்பதை அது சோதிக்கிறது. அந்த வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது.

ஒரு கட்சிக்காரராக நான் எதைப் பார்த்து வக்கீல் வைப்பது?

முதல் சந்திப்பில் அவர் எவ்வளவு பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள். நல்ல வக்கீல் முதலில் காகிதம் கேட்பார். மூலப் பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், வில்லங்கம் எடுத்தீர்களா, சம்மன் என்றைக்கு வந்தது என்று கேட்பார். உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் தோண்டிக் கேட்பார். "இதெல்லாம் ஒண்ணுமில்ல, ஜெயிச்சிடலாம்" என்று பத்து நிமிடத்தில் உறுதி கொடுக்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

விபத்து வழக்கில் "பீஸ் எதுவும் வேண்டாம், வர்ற பணத்துல இத்தனை சதவீதம் கொடுத்துடுங்க" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பின் பலனைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் வைத்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். துக்கத்தில் இருக்கும்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்கு எண் போட்டதும் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வழக்குக்கான அடையாள எண், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்டது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பது எல்லாம் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நிமிட வேலை. மாந்தோப்பு அம்மாவுக்கு அன்று இந்த வசதி கையில் இருந்திருந்தால் ஒன்றரை வருடம் தெரியாமல் இருந்திருக்க மாட்டார்.

வயதான சீனியரா, இளம் வக்கீலா?

வழக்கைப் பொறுத்தது. கொலை வழக்கில் குறுக்கு விசாரணைக்கு அனுபவம் வேண்டும். கம்ப்யூட்டர் ஆவணம், புதிய சாட்சியச் சட்டம் என்றால் நேற்று படித்து வந்த பிள்ளை பல சமயம் சீனியருக்கே சொல்லிக் கொடுக்கும். சீனியரை வைத்தாலும் வாய்தாவுக்கு வரப்போவது எந்த ஜூனியர் என்று கேட்டு, அவரிடமும் பேசிவிடுங்கள்.

இலவச சட்ட உதவியில் கொடுக்கும் வக்கீல் திறமை குறைந்தவராக இருப்பாரா?

இந்த எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. காசு வாங்காதவர் வேலை செய்ய மாட்டார் என்று. என் அனுபவத்தில் இரண்டு பக்கமும் நல்லவர்களும் உண்டு, அசட்டையானவர்களும் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமானக் கணக்கே இல்லாமல் சட்ட உதவி பெறலாம், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் கேட்கலாம். கொடுத்த வக்கீல் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லியும் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

வக்கீல் தவறால் வழக்குப் போனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போக முடியாது. 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். கண்டனம், தற்காலிக நீக்கம், பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. நஷ்டத்துக்குச் சிவில் வழக்கும் போடலாம். தோற்றதெல்லாம் வக்கீல் தவறு ஆகாது, அதையும் மனதில் வையுங்கள். நாளைத் தவறவிட்டாரா, பணத்தை வைத்துக்கொண்டாரா, எதிர்த்தரப்போடு சேர்ந்தாரா, அப்படியானால் எழுதுங்கள்.

திறமை என்றால் என்ன என்று ஒரு வழக்கைக் காட்டிச் சொல்ல முடியுமா?

நம் அரூர் வட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. புகாரை வாங்க வைப்பதற்கே போராட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் 1995-ல் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இதில் முதல் பெருமை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன அந்தப் பெண்களுக்கு. சொன்ன சொல்லிலிருந்து அவர்கள் நகரவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரு வழக்கு உயிரோடு இருக்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாரோ வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், யாரோ அந்த ஊருக்குப் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வக்கீலாக வருகிற எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் வாசிக்கச் சொல்வது அந்தத் தீர்ப்பை.

ஜூனியருக்குச் சம்பளம் தருவார்களா?

கெட்டிக்காரப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போவதற்கு முதல் காரணம் இதுதான். தேர்வில் தோற்று வெளியேறியவர்களைவிட, தேறிய பிறகு பஸ் காசுக்கு வழியில்லாமல் பெங்களூர் கம்பெனிகளுக்குப் போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்றது. நம் ஊருக்கு 15,000. சின்ன அலுவலகம் வைத்திருக்கும் சீனியருக்கு அது பாரம் என்பது எனக்குத் தெரியும், நானும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறேன். ஆனாலும் கொடுக்க வேண்டும். அப்பா வக்கீலாக இல்லாத வீட்டுப் பிள்ளை, முதல் தலைமுறைப் பட்டதாரி, மூன்று வருடம் சம்பளமில்லாமல் எப்படித் தொழில் பழகும்?

நேராக ஜட்ஜ் தேர்வு எழுதிவிடலாமா?

இப்போது முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புப்படி சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும். பார் தேர்வில் தேறும் முன்பு கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்று வருடம் கணக்காகும், அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் எதை மாற்றுவீர்கள்?

தேர்ச்சி மதிப்பெண்ணை 60 ஆக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் 45-ஐ அப்படியே விட்டுவிட்டு, பதிவுக்குப் பிறகு ஒரு வருடப் பயிற்சியைக் கொண்டுவருவேன், உதவித்தொகையோடு. ஆறு மாதம் சீனியர் அலுவலகம், இரண்டு மாதம் சட்ட உதவி மையம், ஒரு மாதம் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும், மீதி கோர்ட் அலுவலகத்திலும் ஜெயில் சட்ட உதவியிலும். முடிவில் ஒரு தேர்வு. ஒரு கட்டு உண்மையான காகிதங்களைக் கொடுத்து, பிராது எழுது, கடைசி நாள் எது என்று சொல், கட்சிக்காரருக்கு இதைப் புரியும்படி ஒரு பக்கம் எழுது என்று கேட்க வேண்டும். படிக்கிற காலத்தில் ஐந்தாண்டு மாணவர்களுக்கு 20 வாரம், மூன்றாண்டு மாணவர்களுக்கு 12 வாரம் பயிற்சி இப்போதும் விதியில் இருக்கிறது. அது பல இடங்களில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கையெழுத்தைப் போடும் சீனியர்களும் நாங்கள்தான். அதை முதலில் நாங்கள் நிறுத்த வேண்டும்.

"என் பொண்ணு ரெண்டு தடவ எழுதித் தோத்துடுச்சு. பாலக்கோட்டுல எல்லாரும் கேக்கிறாங்க. வேற வேலைக்கு அனுப்பிடலாமா சார்?"

போன மாதம் ஒரு அப்பா என்னிடம் கேட்டது. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பதிவான தேதியைப் பாருங்கள் ஐயா, இரண்டு வருடம் முடிய இன்னும் நாள் இருக்கிறதா என்று. முடிந்துவிட்டாலும் தேறும் வரை கோர்ட்டில் ஆஜராக முடியாதே தவிர, திரும்ப எழுதத் தடை இல்லை. அதுவரை அலுவலகத்தில் உட்கார்ந்து பிராது எழுதப் பழகலாம், பத்திரம் வாசிக்கப் பழகலாம். பாப்பாவை சனிக்கிழமை காலையில் வரச் சொல்லுங்கள். போன தடவைக் கேள்வித்தாளையும், கைடு வேண்டாம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பேர் ஆக்டையும் எடுத்து வரட்டும்.